‘கண்ணுக்குக் கண்’ என்றால் யாருடைய கண்? பாபிலோன் சட்டம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வக்கீல் ஆபீஸில் பல வருஷம் தட்டச்சு வேலை பார்த்தவன் நான். பிராது, வாய்தா, புரோநோட்டு என்று பழகிப்போன கைக்குப் பழங்காலச் சட்டங்களைப் படிக்கும் ஆசை எப்படியோ ஒட்டிக்கொண்டது. இந்தப் பேச்சை எங்கே எடுத்தாலும் ஆட்கள் கேட்பது ஏறக்குறைய இதே கேள்விகள்தான். சிலவற்றுக்கு இரண்டு வரி போதும். சிலவற்றுக்கு உட்கார்ந்து பேச வேண்டும்.

ஹமுராபி யார்?

இன்றைய இராக்கில், யூப்ரடீஸ் ஆற்றங்கரையில் இருந்த பாபிலோனின் ராஜா. அந்த வம்சத்தில் ஆறாவது ஆள். ஆண்டது சுமார் கி.மு. 1792 முதல் 1750 வரை. அவர் பட்டத்துக்கு வந்தபோது பாபிலோன் பெரிய ராஜ்யம் இல்லை. லார்சா, எஷ்நுன்னா, மாரி என்று சுற்றிலும் பலசாலிகள். ஆட்சியின் பிற்பகுதியில் அவற்றை ஒவ்வொன்றாக மடக்கினார். தன் சட்டங்களைச் செதுக்கிய கல்லை நாட்டியது அதற்கெல்லாம் பிறகு, கடைசி வருஷங்களில். புதிதாகச் சேர்ந்த ஊர்களுக்கு ‘இனி இங்கே நியாயம் சொல்வது நான்’ என்று அறிவிக்கும் கல்லாகவும் அது இருந்தது. இதை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் பல விஷயங்கள் எளிதாகப் புரியும்.

அந்தக் கல் எங்கே கிடைத்தது? இப்போது எங்கே இருக்கிறது?

கிடைத்தது பாபிலோனில் இல்லை, ஈரானில். கி.மு. 12-ஆம் நூற்றாண்டில் ஏலாம் நாட்டு ராஜா ஷூட்ருக்-நஹுண்டே படையெடுத்து வந்து, கொள்ளைப் பொருளோடு பொருளாகத் தன் தலைநகர் சூசாவுக்குத் தூக்கிப்போய்விட்டார். அங்கே 1901-02 குளிர்காலத்தில் ஜாக் த மோர்கன் தலைமையில் தோண்டிய பிரெஞ்சுக் குழுவுக்கு மூன்று துண்டுகளாக அகப்பட்டது. ஒட்டிச் சேர்த்து இப்போது பாரிஸில் லூவ்ர் அருங்காட்சியகத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். ஏழடிக்கும் கொஞ்சம் கூடுதலான உயரம், வழவழப்பான கருங்கல்.

உச்சியில் ஒரு புடைப்புச் சிற்பம். சூரியக் கடவுள் ஷமாஷ் அரியணையில் உட்கார்ந்திருக்கிறார், தோள்களிலிருந்து கதிர்கள் கிளம்புகின்றன. எதிரே ஹமுராபி நின்றபடி, வலது கையை வாய்க்கு நேராக உயர்த்தி வணங்குகிறார். கடவுள் சட்டத்தைக் கொடுக்கும் காட்சி என்றுதான் பலரும் சொல்வார்கள். ஷமாஷின் கையில் இருப்பது ஒரு கோலும் வளையமும், அதாவது ஆளும் அதிகாரத்தின் சின்னங்கள். சட்டங்களை வகுத்தது தானேதான் என்று கீழே உள்ள எழுத்தில் ஹமுராபி தெளிவாகச் சொல்லிக்கொள்கிறார்.

இன்னொரு சங்கதி: 282 சட்டங்கள் என்கிறோமே, அந்த எண் கல்லில் கிடையாது. 1902-இல் முதன்முதலில் மொழிபெயர்த்த ழான்-வின்சென்ட் ஷெய்ல் வசதிக்காகப் போட்டது. கல்லில் அக்காடிய மொழியில், ஆப்பெழுத்தில், ‘ஒருவன் இப்படிச் செய்தால், அவனுக்கு இப்படி’ என்று வரிசையாக ஓடுகிறது.

உலகத்தின் முதல் சட்டம் இதுதானா?

இல்லை. ‘ஊர்’ என்றே பெயர் கொண்ட பழைய நகரத்தின் ராஜா ஊர்-நம்முவின் பெயரில் உள்ள சுமேரியச் சட்டம் இதைவிட ஏறத்தாழ 300 வருஷம் பழையது. இடையில் லிபித்-இஷ்தார் சட்டமும் எஷ்நுன்னா சட்டமும் உண்டு.

வேடிக்கை என்னவென்றால், பழைய சட்டங்கள்தான் மென்மையாக இருக்கின்றன. ஊர்-நம்மு சட்டத்தில் ஒருவன் காலை வெட்டினால் 10 சேக்கல் வெள்ளி அபராதம். எஷ்நுன்னாவில் ஒருவன் மூக்கைக் கடித்துத் துண்டித்தால் 60 சேக்கல், பல்லுக்கு 30, கன்னத்தில் அறைந்தால் 10. எல்லாம் காசோடு முடிந்துவிடும். ஆதி மனிதன் பழிக்குப் பழி வாங்கினான், நாகரிகம் வளர வளர அபராதத்துக்கு வந்தான் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் கதை இங்கே தலைகீழாகிவிடுகிறது.

அப்படியானால் ‘கண்ணுக்குக் கண்’ ஏன் வந்தது?

முதலில், அது யாருக்கு வந்தது என்று பார்ப்போம்.

பாபிலோன் சமூகத்தைச் சட்டம் மூன்றாகப் பிரிக்கிறது. அவீலு என்பவன் சொத்தும் மரியாதையும் உள்ள சுதந்திர மனிதன். முஷ்கேனு அவனுக்கு ஒரு படி கீழே, அடிமை இல்லை, ஆனால் அவீலுவும் இல்லை. வர்து என்றால் அடிமை. (முஷ்கேனு என்ற சொல் சாகவில்லை. அரபியில் ‘மிஸ்கீன்’ ஆகி, தமிழ் முஸ்லிம் வீடுகளில் ஏழைபாழையைக் குறிக்க இன்றும் புழங்குகிறது. நாலாயிரம் வருஷம் பயணம் செய்த சொல்.)

இனி சட்டம். 196: ஓர் அவீலு இன்னோர் அவீலுவின் கண்ணைக் கெடுத்தால் அவன் கண்ணைக் கெடுக்க வேண்டும். உலகம் முழுக்கப் பிரபலமானது இந்த ஒரு வரிதான். அடுத்த வரிகளை யாரும் சொல்வதில்லை. 198: முஷ்கேனுவின் கண்ணைக் கெடுத்தால் 60 சேக்கல் வெள்ளி கொடுத்தால் போதும். 199: பிறர் அடிமையின் கண்ணைக் கெடுத்தால் அடிமையின் விலையில் பாதி, அதுவும் எஜமானுக்கு.

அறைக்கும் இதே கதைதான். தன்னைவிட உயர்ந்தவன் கன்னத்தில் அறைந்தவனுக்கு ஊர்ச் சபையில் வைத்து மாட்டுத்தோல் சாட்டையால் 60 அடி. சமமான அவீலுவை அறைந்தால் 60 சேக்கல். முஷ்கேனு முஷ்கேனுவை அறைந்தால் 10 சேக்கல். அடிமை ஓர் அவீலுவை அறைந்தால் காதை அறுத்துவிடுவார்கள்.

ஆகக் கண்ணுக்குக் கண் என்பது மேல்தட்டு ஆட்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட விதி. மற்றவர்களுக்கு விலைப்பட்டியல்தான். ஏன் அப்படி? என் ஊகத்தைச் சொல்கிறேன், பல அறிஞர்களும் இந்தப் பக்கம்தான் சாய்கிறார்கள். காசோடு முடியும் சட்டம் பணக்காரனுக்குச் சட்டமே இல்லை. அறுபது சேக்கலை விட்டெறிந்துவிட்டு அடுத்த கண்ணைத் தேடிப் போவான். அவனுக்குச் சமமான இன்னொரு பணக்காரனைத் தொட்டால் மட்டும் வெள்ளி செல்லாது, உன் கண்தான் வேண்டும் என்று ஹமுராபி சொல்லியிருக்கிறார். முரட்டுத்தனமான சமத்துவம்தான், ஆனால் ஒரே வட்டத்துக்குள் நின்றுபோன சமத்துவம்.

சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்னும் நம் அரசியல் சாசனத்தின் 14-ஆவது பிரிவு இந்த மூன்று படிகளையும் ஒரேயடியாக அடித்துவிட்டது. ஏட்டில் அடித்துவிட்டது என்று சொல்வதே சரி. ஜாமீன் கிடைத்தும் ஜாமீன்தாரர் கிடைக்காமல் உள்ளேயே கிடந்தவர்களின் மனுக்களை நான் எத்தனையோ தட்டச்சு செய்திருக்கிறேன்.

அறுபது சேக்கல் என்றால் இன்றைக்கு எவ்வளவு?

ரூபாயில் சொன்னால் அர்த்தம் இருக்காது. கூலியில் சொல்லலாம், அதற்கான கணக்கு கல்லிலேயே இருக்கிறது. ஒரு சேக்கல் சுமார் 8.3 கிராம் வெள்ளி. அதை 180 ‘தானியம்’ என்று பிரித்திருந்தார்கள். 273-ஆவது சட்டப்படி கூலியாளுக்கு வருஷத்தின் முதல் ஐந்து மாதம் நாளுக்கு 6 தானியம் வெள்ளி, மீதி ஏழு மாதம் 5 தானியம். கூட்டிப் பார்த்தால், ஒரு நாள்கூட விடாமல் உழைத்தாலும் வருஷத்துக்கு 11 சேக்கலைத் தொடாது. அறுபது சேக்கல் என்றால் ஒரு கூலியாளின் ஐந்தரை வருஷ உழைப்பு. முஷ்கேனு ஒருவனை அறைந்த முஷ்கேனுவின் கையை விட்டுப் போவது ஏறக்குறைய ஒரு வருஷக் கூலி! கோபம் வந்தால் கையை மடக்கிக்கொண்டு போயிருப்பார்கள்.

இன்று எங்காவது கண்ணுக்குக் கண் நடக்கிறதா?

கல் கிடைத்த அதே ஈரானில் சட்டப்படி உண்டு. அமெனே பஹ்ராமி என்ற பெண், கல்யாணத்துக்குச் சம்மதிக்காததற்காக 2004-இல் ஆசிட் வீச்சுக்கு ஆளாகிப் பார்வை இழந்தார். வீசியவனின் கண்களையும் ஆசிட் சொட்டுவிட்டுக் குருடாக்க வேண்டும் என்று கேட்டார். 2008-இல் நீதிமன்றம் ஒத்துக்கொண்டது. உலகம் முழுக்க எதிர்ப்பு, ஆதரவு இரண்டும் கிளம்பின. 2011 ஜூலை 31 அன்று எல்லா ஏற்பாடும் முடிந்த பிறகு, கடைசி நிமிஷத்தில் அமெனே மன்னித்துவிட்டார்.

இந்த வழக்கில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தண்டனையைக் கேட்டதும் அவர், விட்டதும் அவர். நம் நாட்டில் ஆசிட் வீச்சு வழக்கை நடத்துவது அரசாங்கம். பாதிக்கப்பட்டவர் வெறும் சாட்சி. பாபிலோனில் பெரும்பாலான வழக்குகள் பாதிக்கப்பட்டவன் நடத்தியவைதான். மனைவியின் கள்ளத்தொடர்பு வழக்கில்கூட (129) இருவரையும் கட்டி ஆற்றில் போட வேண்டும். ஆனால் புருஷன் மனைவியை உயிரோடு விட்டால் ராஜாவும் அந்த ஆளை விட்டுவிடுவார். புருஷன் தன் மனைவியை மட்டும் காப்பாற்றிக்கொண்டு மற்றவனைச் சாகவிட முடியாது.

கட்டிய வீடு இடிந்தால் மேஸ்திரிக்கு மரண தண்டனையாமே?

ஆமாம். வீடு இடிந்து வீட்டுக்காரன் செத்தால் கட்டியவன் சாக வேண்டும் (229). வீட்டுக்காரனின் மகன் செத்தால் கட்டியவனின் மகன் சாக வேண்டும் (230). அடிமை செத்தால் அடிமைக்கு அடிமை. பொருள் நாசமானால் ஈடு கொடுத்து, வீட்டையும் தன் செலவில் திரும்பக் கட்டித்தர வேண்டும். ஆள் யாருக்கும் ஒன்றும் ஆகாமல் சுவர் மட்டும் பிதுங்கினாலும் அவன் செலவில்தான் சரிசெய்ய வேண்டும்.

இத்தனைக்கும் அவனுக்குக் கிடைத்த கூலி? ஒரு ‘சார்’ பரப்புக்கு 2 சேக்கல். ஒரு சார் என்பது 36 சதுர மீட்டர், நம் கணக்கில் 390 சதுர அடிக்குச் சற்றுக் குறைவு. கூலியாளின் இரண்டு மாதச் சம்பளத்துக்குத் தலையை அடகு வைக்கும் தொழில்.

230-ஆவது சட்டம்தான் படிக்கும்போது தொண்டையில் நிற்கிறது. அந்தப் பையன் என்ன செய்தான்? செங்கல்லைக்கூடத் தொட்டிருக்க மாட்டான். அன்றைய கணக்கில் மகன் என்பவன் தகப்பனின் உடைமை. உன் மகனை எடுத்தேன், என் மகனை எடுத்துக்கொள் என்று கணக்கு நேர் ஆகிவிடும். குற்றம் செய்தவனோடு தண்டனை நின்றுவிட வேண்டும் என்பது நமக்கு மூச்சு விடுவதுபோல இயல்பாகிவிட்டதால் அதை ஒரு பெரிய மாற்றமாக நாம் நினைப்பதே இல்லை. இரண்டு நீதிகளுக்கும் நடுவில் உள்ள உண்மையான பள்ளம் இதுதான் என்பது என் எண்ணம். மரண தண்டனை இன்றும் நம்மிடம் இருக்கிறது. மகனுக்கு மகன்தான் போயிற்று.

அதே சமயம் 232-ஐ மட்டும் தனியாக எடுத்துப் பாருங்கள். இடிந்தால் சொந்தச் செலவில் கட்டிக் கொடு, உள்ளே போன பொருளுக்கும் ஈடு கொடு. 2014 ஜூனில் சென்னை மவுலிவாக்கத்தில் கட்டுமானத்தில் இருந்த 11 மாடிக் கட்டடம் விழுந்து 61 பேர் செத்தார்கள். அங்கே ஃப்ளாட்டுக்குப் பணம் கட்டியிருந்தவர்களிடம் 232-ஐப் படித்துக் காட்டினால் பழைய சட்டம் என்று சிரிக்க மாட்டார்கள்.

டாக்டருக்கு?

வெண்கலக் கத்தியால் அறுத்து அவீலுவின் உயிரைக் காப்பாற்றினால் 10 சேக்கல் ஃபீஸ், அதாவது ஏறக்குறைய ஒரு வருஷக் கூலி. முஷ்கேனு என்றால் 5, அடிமை என்றால் 2, அதை எஜமான் தருவான். அறுவையில் அவீலு செத்தாலோ கண் போனாலோ டாக்டரின் கையை வெட்ட வேண்டும் (218). முஷ்கேனுவின் அடிமை செத்தால் இன்னோர் அடிமையைக் கொடுத்தால் போதும். இப்படி இருந்தால் எந்த டாக்டர் பெரிய இடத்து நோயாளியைத் தொட்டிருப்பார் என்பது எனக்குப் புரியாத விஷயம். சட்டம் சொன்னபடியே நடந்ததா என்ற சந்தேகம் முதலில் கிளம்புவது இந்த இடத்தில்தான். மாட்டு டாக்டருக்குக் கை போகாது, மாட்டின் விலையில் கால் பங்கு கொடுத்துவிட்டுப் போகலாம்.

நம் உச்ச நீதிமன்றம் 2005-இல் ஒரு தீர்ப்பில், சிகிச்சை பலிக்கவில்லை என்பதற்காக டாக்டரைக் குற்றவாளியாக்க முடியாது, கவனக்குறைவு படுமோசமானதாக இருந்தால்தான் கிரிமினல் வழக்கு என்று சொன்னது. நஷ்டஈடு வேண்டும் என்றால் நுகர்வோர் மன்றத்துக்குப் போகலாம். 1995-இல் வந்த தீர்ப்பால் திறந்த கதவு அது. பாபிலோன் கல் விளைவை மட்டும் பார்த்தது. டாக்டர் எப்படி வேலை செய்தார் என்ற கேள்வியே 218-இல் இல்லை.

மனதில் என்ன இருந்தது என்பதை அவர்கள் பார்க்கவே இல்லையா?

பார்த்தார்கள், சில இடங்களில். சண்டையில் ஒருவனைக் காயப்படுத்தியவன், ‘வேண்டுமென்று அடிக்கவில்லை’ என்று சத்தியம் செய்து டாக்டர் செலவைக் கொடுத்தால் போதும் (206). அடிபட்டவன் செத்துப்போனாலும் இதே சத்தியம், பிறகு 30 சேக்கல். முட்டும் மாட்டின் கதையும் அப்படித்தான். தெருவில் போகிற மாடு திடீரென்று முட்டிக் கொன்றால் வழக்கே கிடையாது. உன் மாடு முட்டும் மாடு என்று வட்டாரத்தார் முன்பே எச்சரித்தும், கொம்பை மழுக்காமல், கட்டியும் போடாமல் விட்டிருந்தால் 30 சேக்கல் (251). இந்த முட்டும் மாடு பைபிளின் யாத்திராகமத்திலும் வருகிறது. அங்கே மாட்டைக் கல்லெறிந்து கொல்ல வேண்டும், எச்சரித்தும் கேட்காத சொந்தக்காரனும் சாக வேண்டும். இரண்டுக்கும் நடுவில் உறவு இருப்பது தெரிகிறது. எந்த வழியாகப் போய்ச் சேர்ந்தது என்பதில்தான் சண்டை.

குற்றத்தை எப்படி நிரூபித்தார்கள்?

சாட்சி, பத்திரம், சத்தியம். இவை மூன்றும் தோற்றால் ஆறு.

பத்திரத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம், எனக்குப் பிடித்த பகுதி. கடனோ நில விற்பனையோ, ஈரக் களிமண் பலகையில் எழுதி, சாட்சிகளின் பெயரைப் போட்டு, உருளை முத்திரையை உருட்டி எடுப்பார்கள். உள்ளங்கையில் அடங்கும் அளவு. பிறகு அதன் மேல் மெல்லிய களிமண் உறை ஒன்றைப் போர்த்தி, உள்ளே இருக்கும் அதே வாசகத்தை உறையின் மேலும் எழுதிவிடுவார்கள். நாளைக்கு ஒருவன் 10 என்பதை 100 ஆக்கிவிட்டான் என்று தகராறு வந்தால் நீதிபதி உறையை உடைத்து உள்ளே இருப்பதைப் படிப்பார். அசலும் நகலும் ஒன்றுக்குள் ஒன்று. எங்கள் ஆபீஸில் கார்பன் பேப்பர் வைத்து மூன்று பிரதி அடித்துக்கொண்டிருந்தபோது இது தெரிந்திருந்தால் கொஞ்சம் அடக்கமாக இருந்திருப்பேன்.

பொய் வழக்குக்குப் பயங்கரமான தண்டனை. கொலைக்குற்றம் சாட்டிவிட்டு நிரூபிக்க முடியாதவனுக்கு மரணம், இதுதான் முதல் சட்டமே. உயிர்போகும் வழக்கில் பொய்ச்சாட்சி சொன்னாலும் மரணம். ஐந்தாவது சட்டம் நீதிபதிக்கு: தீர்ப்பெழுதி முத்திரை வைத்த பிறகு அதை மாற்றினால், வழக்குத் தொகையைப் போல் 12 மடங்கு கட்ட வேண்டும், ஆசனத்திலிருந்து எழுப்பிவிடுவார்கள், மறுபடி உட்கார முடியாது.

ஆற்றில் தள்ளிச் சோதிப்பது?

சூனியம் வைத்தான் என்ற புகார் வந்தால் புகாருக்கு ஆளானவன் ஆற்றில் குதிக்க வேண்டும். ஆறு அவனை இழுத்துக்கொண்டால் புகார் சொன்னவன் அவன் வீட்டை எடுத்துக்கொள்ளலாம். பிழைத்து வந்தால் புகார் சொன்னவனுக்கு மரணம், அவன் வீடு பிழைத்தவனுக்கு (2). ஐரோப்பாவில் பிற்காலத்தில் சூனியக்காரிகளைத் தண்ணீரில் போட்டபோது மிதந்தால் குற்றவாளி என்றார்கள். பாபிலோனில் பிழைத்தவன் நிரபராதி. எனக்கு வாய்ப்புக் கொடுத்தால் பாபிலோனில் குதிப்பேன்.

ஜெயில் உண்டா?

கல்லில் ஜெயில் தண்டனை என்று ஒன்றுகூட இல்லை. அபராதம், அடி, உறுப்பு வெட்டு, நாடுகடத்தல், மரணம், அவ்வளவுதான். ஒருவனை வருஷக்கணக்கில் சோறு போட்டு அடைத்து வைப்பது தண்டனை என்று அவர்களிடம் சொன்னால் விழித்திருப்பார்கள்.

காவலில் வைப்பது மட்டும் இருந்தது, கடனுக்காக. கடன் வாங்கியவனின் மகனையோ அடிமையையோ கடன் கொடுத்தவன் பிணையாகப் பிடித்துத் தன் வீட்டில் வைத்துக்கொள்ளலாம். அங்கே அவன் இயற்கையாகச் செத்தால் கேள்வி இல்லை. அடித்தோ கொடுமைப்படுத்தியோ செத்தால், கொடுத்த கடன் முழுக்கப் போய்விடும். செத்தது மகன் என்றால் கடன் கொடுத்தவனின் மகன் சாக வேண்டும் (116). மறுபடியும் அந்த மகன் கணக்கு. ஆனால் காவலில் வைத்தவன்தான் பதில் சொல்ல வேண்டும் என்பது அன்றைக்கே எழுதப்பட்டிருக்கிறது.

கடன்காரர்களுக்கு இரக்கம் காட்டினார்களா?

இந்தப் பக்கம் அவர்கள் நம்மைவிட மோசம் என்று என்னால் சொல்ல முடியாது.

வட்டி உச்சவரம்பு வெள்ளிக்கு வருஷத்துக்கு 20 சதவீதம், தானியத்துக்கு மூன்றில் ஒரு பங்கு. கிரெடிட் கார்டு பாக்கிக்கு மாதம் மூன்று சதவீதத்துக்கு மேல் கட்டும் நாம் முகம் சுளிக்க முடியாது. கந்துவட்டி, மீட்டர் வட்டி பற்றிப் பேசவே வேண்டாம். அதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-இல் தனிச்சட்டமே போட வேண்டிவந்தது.

48-ஆவது சட்டத்தைக் கேளுங்கள். கடன் வாங்கியவனின் வயலைப் புயல் கடவுள் அதாத் வெள்ளத்தில் அடித்துப்போனாலும், தண்ணீர் இல்லாமல் பயிர் காய்ந்தாலும், அந்த வருஷம் அவன் தானியம் திருப்பித் தர வேண்டாம். ‘அவன் தன் பலகையை நனைத்துக்கொள்வான்’ என்கிறது வாசகம். கடன் பத்திரக் களிமண்ணை ஈரமாக்கித் தவணையைத் திருத்திக்கொள்வது. அந்த வருஷத்துக்கு வட்டியும் கிடையாது. அதிகாரி வந்து பார்த்து, சதவீதம் போட்டு, ரிப்போர்ட் அனுப்பும் வேலையெல்லாம் அந்த வாசகத்தில் இல்லை.

கடனுக்காக மனைவி மக்களை வேலைக்கு விட்டால் மூன்று வருஷம்தான், நான்காம் வருஷம் விடுதலை (117). இதற்கும் மேலே, ராஜாக்கள் அவ்வப்போது ‘மீஷாரு’ என்ற பொது அறிவிப்பு விட்டு ஏழைகளின் கடன்களை ஒரே வீச்சில் ரத்து செய்தார்கள். ஹமுராபிக்குச் சுமார் நூறு வருஷம் கழித்து ஆண்ட அம்மி-சதூகாவின் அறிவிப்பு நம் கையில் இருக்கிறது. அதில் வியாபாரக் கூட்டு முதலீட்டுக்கு ரத்து இல்லை, வயிற்றுப்பாட்டுக் கடனுக்கு மட்டும்தான். வட்டிக்குக் கொடுத்த கடனை ‘இது விற்பனை’, ‘இது வைப்புப் பணம்’ என்று பத்திரத்தில் மாற்றி எழுதித் தப்பிக்கப் பார்ப்பவனுக்கும் அது வழி விடவில்லை. வெற்றுப் புரோநோட்டில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளும் ஆட்களைப் பார்த்துப் பழகிய எனக்கு அந்த வரியைப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. தந்திரம் அதேதான், பலகைதான் மாறியிருக்கிறது.

பெண்களின் நிலை?

நல்லதும் கெட்டதும் பின்னிக் கிடக்கிறது. சீர்ப்பணம் பெண்ணுக்குச் சொந்தம், விவாகரத்தானால் திருப்பித் தர வேண்டும். தீராத நோய் வந்த மனைவியைத் தள்ளிவைக்க முடியாது. புருஷன் இரண்டாம் கல்யாணம் செய்துகொள்ளலாம், ஆனால் முதல் மனைவியை அவள் உயிரோடு உள்ளவரை அதே வீட்டில் வைத்துக் காப்பாற்ற வேண்டும் (148). அவளுக்கு அங்கே இருக்கப் பிடிக்காவிட்டால் சீரோடு போகலாம். ‘உன்னோடு வாழ மாட்டேன்’ என்று மனைவி சொன்னால் வட்டாரத்தார் விசாரிப்பார்கள். தப்பு புருஷன் மேல் என்றால் சீரை எடுத்துக்கொண்டு அப்பா வீட்டுக்குப் போவாள் (142). தப்பு அவள் மேல் என்றால் ஆற்றில் போடுவார்கள் (143). இந்த அபாயத்தோடு எத்தனை பெண்கள் வாய் திறந்திருப்பார்கள்?

திருடன் அகப்படாவிட்டால்?

அதற்கும் விடை இருக்கிறது, என்னை அதிகம் அசத்தியதும் இதுதான். வழிப்பறி கொடுத்தவன் தான் இழந்ததைக் கடவுள் முன்னால் சொல்ல வேண்டும். எந்த ஊர் எல்லையில் நடந்ததோ அந்த ஊரும் அதன் தலைவரும் ஈடு கட்ட வேண்டும் (23). உயிர் போயிருந்தால் குடும்பத்துக்கு 60 சேக்கல் (24). காவல் காப்பது உன் வேலை, தவறினாய், கட்டு.

நம்மிடம் இதற்குக் கிட்டத்தில் வருவது, அடித்துவிட்டு நிற்காமல் போன வண்டி கேஸ். வண்டி அகப்படாவிட்டாலும் சாவுக்கு அரசாங்கத் திட்டத்தில் 2 லட்சம் ரூபாய் உண்டு. 2022 ஏப்ரல் முதல் இந்தத் தொகை. பலருக்கு இது தெரியாது, கேட்டு வாங்குபவர்கள் குறைவு. குற்றத்தில் பாதிக்கப்பட்டவருக்கு ஈடு தரும் பொதுத் திட்டம் நம் நடைமுறைச் சட்டத்தில் 2009-இல்தான் நுழைந்தது.

இந்தச் சட்டங்கள் உண்மையில் கோர்ட்டில் பயன்பட்டனவா?

கையில் ஆயிரக்கணக்கான வழக்குப் பலகைகளும் ஒப்பந்தங்களும் கிடைத்துள்ளன. ஒன்றில்கூட ‘ஹமுராபியின் இன்ன சட்டப்படி’ என்று நீதிபதி தீர்ப்பை ஊன்றிக் காட்டவில்லை. அதனால் இது நம் தண்டனைச் சட்டம் மாதிரி இல்லை. நியாயமான ராஜா எப்படித் தீர்ப்புச் சொல்வான் என்று காட்டும் மாதிரித் தொகுப்பு என்றே பலர் கருதுகிறார்கள். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. டாக்டரின் கையை வெட்டும் கதையும் அப்போது அர்த்தப்படுகிறது.

கோர்ட் எப்படி நடந்தது என்பதற்கு ஒரு வழக்கு சொல்கிறேன், ஹமுராபிக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் முந்தியது, நிப்பூர் நகரத்தில். லு-இனன்னா என்ற கோயில் அதிகாரியை மூன்று பேர் கொன்றார்கள். அதில் ஒருவன் நாவிதன், ஒருவன் தோட்டக்காரனின் அடிமை. கொன்றபின் அவன் மனைவி நின்-தாதாவிடம் வந்து சொன்னார்கள். அவள் ‘வாய் திறக்கவில்லை, துணியால் மூடிக்கொண்டாள்’ என்கிறது பலகை. ராஜா வழக்கை நிப்பூர்ச் சபைக்கு அனுப்பினார். ஒன்பது பேர் எழுந்து, அவள் உட்பட நாலு பேரும் சாக வேண்டும் என்றார்கள். பேசியவர்களில் பறவை வேட்டைக்காரர் உண்டு, குயவர் உண்டு. இரண்டு பேர் மட்டும், அவள் என்ன செய்தாள் கொல்லப்படுவதற்கு என்று கேட்டார்கள். கடைசித் தீர்ப்பை ஓர் அறிஞர் அவள் தப்பினாள் என்று வாசித்தார், இன்னொருவர் அவளும் செத்தாள் என்று வாசித்தார். சட்டப் புத்தகத்தை யாரும் திறக்கவில்லை. ஊர் ஆட்கள் வாதாடினார்கள்.

ஹமுராபியின் சொந்தக் கடிதங்களிலும் இந்த வாசனை உண்டு. ஓர் ஊரில் லஞ்சம் நடந்ததாகப் புகார். அதிகாரிக்கு எழுதுகிறார்: விசாரி, உண்மை என்றால் லஞ்சப் பணத்துக்கு முத்திரை வைத்து என்னிடம் அனுப்பு, வாங்கியவனையும் சாட்சிகளையும் அனுப்பு. இன்றைய பாஷையில் சொன்னால், தொண்டிப் பொருளை சீல் வைத்து ஆஜர்படுத்து.

சட்டத்தை யாராவது மாற்றினால்?

அதற்குத்தான் சாபம். கல்லின் முடிவுரையில், அநியாயம் பட்டவன் யாராக இருந்தாலும் இந்தக் கல்லின் முன் வந்து, எழுதியிருப்பதைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, மனம் ஆறிப் போகட்டும் என்கிறார் ஹமுராபி. படிக்கத் தெரியாதவர்களை நினைத்து எழுதிய வரி. அதற்குப் பின்னால் பத்தி பத்தியாகச் சாபம்: என் சொல்லை மாற்றுபவன், என் பெயரை அழித்துத் தன் பெயரை எழுதுபவன் நாசமாய்ப் போகட்டும், அவன் ஆட்சி குலையட்டும், நாடு பஞ்சத்தில் வாடட்டும்.

கல்லைத் தூக்கிப்போன ஏலாம் ராஜா அதைத்தான் செய்தார். முன்பக்கத்தின் கீழே சில பத்திகளைச் செதுக்கி அழித்து, தன் பெயரைப் பொறிக்க இடம் பண்ணினார். என்ன ஆயிற்றோ, பொறிக்கவே இல்லை. அந்த இடம் இன்றும் லூவ்ரில் வெறுமையாக இருக்கிறது. அங்கே இருந்த சட்டங்களில் பலவற்றை நாம் திரும்பப் பெற்றது களிமண் பிரதிகளிலிருந்து. எழுத்துப் பழகும் பிள்ளைகள் ஆயிரம் வருஷத்துக்கு மேல் பாடமாகப் பிரதி எடுத்துக்கொண்டே இருந்தார்கள். நினிவேயில் அசீரிய ராஜா அஷூர்பானிபாலின் நூலகத்திலும் சில கிடைத்தன. மேலே சொன்ன அந்த 20 சதவீத வட்டிச் சட்டமும் அப்படி மீண்டதுதான்.